அப்பா குடித்திருக்கவில்லை

தேயிலைக் கொழுந்துச் சாக்கைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கும்போது வீரய்யா விழுந்து செத்தார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. கசிப்புச் சாராயம் குடித்தே செத்தான் என்று தோட்டம் முழுக்கப் பேசினார்கள். அன்றைக்கு அவர் ஒரு சொட்டும் தொடவில்லை என்று மனைவி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அந்தப் பேச்சைச் சுமந்தபடியே அவளும் சில வருடங்களில் போய்ச் சேர்ந்தாள்.

மகள் ஜீவராணி லுணுகலைப் பக்கத்தில் அதே தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறாள். தம்பி நிமலனுக்கு எல்ல என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் பெட்டி தூக்கும் வேலை. போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவன் லயத்து வீட்டுப் படியில் மயங்கி விழுந்தான். ஜீவராணி அவனைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கொழும்புக்கும் அனுப்பி ஸ்கேன் எடுத்த பிறகு, அங்கிருந்த டாக்டர் ஷிராஸ் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். நிமலனின் இதயத் தசை தடித்திருக்கிறது, அதில் தழும்பும் விழத் தொடங்கியிருக்கிறது, இது பரம்பரையாக வரும் நோய் என்றார். விழுந்த தழும்பை அழிக்க மருந்து இல்லையாம். மேலும் விழுவதை மெதுவாக்கக்கூடும் என்று ஒரு மாத்திரை எழுதினார். பாரம் தூக்கவே கூடாது என்றார். ஹோட்டலில் வேறு வேலை கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றான் நிமலன். பிறகு அப்பாவைப் பற்றிக் கேட்டார். ஜீவராணி சொன்னாள்.

"அவருக்கும் இதுதான் இருந்திருக்கணும், குடியால இல்ல" என்றார் டாக்டர்.

பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. யாரைப் பிடித்துக் கேட்பது என்று தெரியாத ஆத்திரம்தான் வந்தது.

தைப்பொங்கலுக்கு வந்த நிமலனின் உடுப்பைத் துவைக்க எடுத்தபோது, அவன் விட்டுப்போன பையின் அடியில் மாத்திரை அட்டைகள், ஒன்றைத் தவிர, பிரிக்காமல் கிடந்தன. அவன் அதற்குள் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தான். போனில் கேட்டாள். மாத்திரை போட்டால் குனிந்து நிமிரும்போது தலை சுற்றுகிறது, மேனேஜர் முறைக்கிறார், போடாவிட்டால் நன்றாகத்தான் இருக்கிறது என்றான். ஜீவராணி போனை வைத்துவிட்டுப் பசறை வழியாக அவன் ஹோட்டலுக்குப் பஸ் பிடித்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது அவன் தோளில் ஒரு பெரிய பெட்டியுடன் படியேறிக்கொண்டிருந்தான். ஓடிப்போய்ப் பெட்டியைப் பிடித்து இறக்கினாள். மேனேஜர் ரஜீவ் வந்து யார் என்று விசாரித்தார். தம்பிக்கு இதய நோய் என்று சொன்னாள்.

"ஹார்ட்டா? குடிச்சிட்டுத் தள்ளாடுறான்னுதான் நாங்க நெனச்சோம். தோட்டத்து ஆளுங்கன்னா அப்படித்தானே."

ஜீவராணி பெட்டியை விட்டு நிமிர்ந்தாள்.

"எங்கப்பாவையும் இப்படித்தான் சொன்னாங்க. பொணத்தப் போட்டு வச்சிருக்கப்பவே சொன்னாங்க. எங்கம்மா அந்த வெட்கத்துலயே செத்தா. இவன் குடிச்சு நீங்க ஒருநாளாவது பாத்திருக்கீங்களா?"

அவளை வெளியே போகச் சொன்னார் ரஜீவ்.

"போயிரு அக்கா, என் வேலை போயிரும்" என்றான் நிமலன்.

"போகட்டும். அப்பா பக்கத்துல ஒன்னையும் பொதைக்க என்னால முடியாது."

அவன் அவளோடு வந்துவிட்டான். ஆனால் பஸ்ஸில் தள்ளி வேறு சீட்டில் உட்கார்ந்தான்.

அடுத்த கிளினிக்கில் தலைச்சுற்றலைப் பற்றி அவனையே சொல்லவைத்தாள். டாக்டர் அளவைக் குறைத்து, படுக்கும் முன் போடச் சொன்னார். சுற்றல் நின்றது. பதுளையில் ஜெயராசா என்ற முதலாளியின் துணிக்கடையில் உட்கார்ந்து பில் போடும் வேலையும் அவனுக்குக் கிடைத்தது.

ஜீவராணியையும் சோதித்தார்கள். அவளுக்கும் தசை தடிக்கத் தொடங்கியிருந்தது.

மறுநாள் காலைப் பெரட்டில் எல்லாரும் வேலைக்குக் கூடி நின்றபோது, கொழுந்து எடுப்பேன், பாரச் சாக்குத் தூக்க முடியாது என்று கங்காணியிடம் சொன்னாள். காரணத்தையும் சொன்னாள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, தன் அப்பா குடித்துச் சாகவில்லை என்றாள்.

"பழைய கதை இப்ப யாருக்கு வேணும்?" என்றார் கங்காணி.

"எனக்கு வேணும்."

அவள் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்கு நடந்தாள். ஆத்திரம் தணியவில்லை.