முதல் வெட்டு

இலைத் தோலை உரித்துச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தாள் யுவஸ்ரீ. சேலத்து ஆய்வகத்தில் ஊரார் தோட்டத்து நோயையெல்லாம் சாவகாசமாகப் பார்க்கிறவள் இன்று ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சரிபார்த்தாள். இது அப்பா தோட்டத்து இலை.

புதுச்சத்திரத்தில் அப்பா தங்கசாமியின் நர்சரி முழுக்கப் பூவுக்கு வளர்க்கும் கல்வாழைதான். சில வருடத்துக்கு முன் ஒரு தூரில் மட்டும் இலையெல்லாம் மஞ்சள் கோடு விழுந்தது. புது ரகமே பிறந்துவிட்டதென்று மனிதர் தலைகால் தெரியாமல் ஆடினார். மகள் பேரையே அதற்கு வைத்தார். அது ரகமல்ல, வைரஸ் என்று அந்தத் தூரில் பறித்த முதல் இலையிலேயே இன்று தெரிந்துபோயிற்று. செல்லுக்குச் செல் உட்கருவை ஒட்டி, இருக்கக்கூடாத ஒரு திட்டு.

போகட்டும், ஒரு தூர்தானே. கோடே விழாத பச்சைத் தூர்கள்தான் இன்று ஓசூருக்கு லாரி ஏறுகின்றன. அவை சுத்தமாக இருந்தால் போதும். இல்லையென்றால் வாங்குகிறவர் தோட்டமும் கெடும், அப்பா பேரும் கெடும்.

தோட்டத்தின் மறுகோடியில் பறித்த பச்சை இலையை வைத்தாள். செங்கல் அடுக்கியதுபோல் செல்கள். ஒன்று சுத்தம். அடுத்ததும் சுத்தம். மூச்சு வந்தது. கொஞ்சம் நகர்த்தினாள். உட்கருவுக்குப் பக்கத்தில் அதே திட்டு. அதற்கடுத்ததிலும் இருந்தது.

அவ்வளவு தூரம் இது எப்படிப் போனது? போனைப் போட்டாள்.

"அப்பா, நடறதுக்குக் கெழங்கு வெட்டறப்போ கத்திய மொதல்ல எதுல வெப்பீங்க?"

"இதென்ன கேள்வி சாமி? உன்ற செடியிலதான். ராசிக்கு அதுல ஒரு வெட்டு வெச்சுட்டுத்தான் மத்ததத் தொடுவேன்."

"அப்பறம் கத்தியக் கழுவுவீங்களா?"

"ராசிய ஆராச்சும் கழுவுவாங்களா?" என்று சிரித்தார்.

அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை நாளும் அவள் பேரைச் சொல்லியே கத்தி ஒவ்வொரு தூருக்கும் நோயைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. மென்று விழுங்காமல் அப்படியே சொல்லிவிட்டாள்.

அந்தப் பக்கம் லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. அப்பா, "வண்டிய நிறுத்துங்க தம்பி, எறக்கிரலாம்," என்று டிரைவரிடம் சொன்னார்.

"எல்லாத்தையும் எரிக்கோணுமா சாமி?"

"ஆமாங்கப்பா."

"உன்ற செடியையுமா?"

"அதத்தாங்கப்பா மொதல்ல."