ஒன்பதாவது ஷேக்கல்

சும்மா சொல்லக்கூடாது, கணபதி பாஸ் பூஜையை ஜோராகத்தான் செய்திருந்தார். ஸ்டோர் கதவைத் திறந்த தனுஜா, இது தன் ஸ்டோர்தானா என்று ஒரு நிமிடம் திகைத்து நின்றாள். மேசையில் வெள்ளை வேட்டி விரித்து, சரஸ்வதி படம் வைத்து, அவல் கடலை படைத்து, மண்வெட்டி, சாந்துக் கரண்டி, சங்கிலி, கொளுவி என்று சைட்டில் உள்ள இரும்பு அத்தனையையும் அடுக்கியிருந்தார். ஒவ்வொன்றிலும் சந்தனம், நடுவில் குங்குமம். அதோடு விட்டிருந்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. மனிதர் ஒரு படி மேலே போய், பாரம் தூக்குகிற சாமான் எல்லாவற்றுக்கும் வெள்ளிப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். பாத்திரக்கடை மாதிரி எல்லாம் பளபளவென்று மின்னின.

தனுஜா அவசரமாக மேசைக்குக் கிட்டப் போனாள். அந்த ஸ்டோருக்கு அவள்தான் பொறுப்பு.

ஹாலிஎலைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில், போன வருஷத்து மழை அடித்துக்கொண்டு போன பாலத்தை மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்கள். பாலம் போனதிலிருந்து கொழுந்து மூட்டையும் சரி, பிரசவத்துக்குப் போகிற பெண்ணும் சரி, மூன்று மைல் சுற்றித்தான் ரோட்டுக்கு வரவேண்டும். ஆற்றுக்குக் குறுக்கே போடுவதற்கு ஏழு டன் கொங்கிரீட் பலகைகள் நான்கு வந்து கிடந்தன. பலகையின் மூலைக்கு ஒரு வளையம். அந்த வளையத்தையும் கிரேனிலிருந்து இறங்கும் கம்பிக்கயிற்றையும் சேர்த்துப் பூட்ட ஒரு ஷேக்கல். லாடம் மாதிரி வளைந்த இரும்பு, திறந்த வாய்க்குக் குறுக்கே தடித்த ஒரு ஆணி, அவ்வளவுதான். ஒரு கையால் தூக்கிவிடலாம். ஆனால் ஏழு டன்னும் அந்தரத்தில் நிற்பது அதை நம்பித்தான்.

ஸ்டோரில் ஒன்பது ஷேக்கல் இருந்தன. எட்டு நல்லது, ஒன்று கெட்டது. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் லொறியிலிருந்து பலகை இறக்கும்போது யாரோ ஓர் அவசரக்குடுக்கை கயிற்றைக் கோணலாகப் போட்டு இழுத்துவிட்டான். கிரேன் ஓட்டுகிற வாஹித் நானா பதுளை டவுன்காரர், இருபது வருஷம் இதே வேலையில் இருப்பவர். அந்த ஷேக்கலைக் கழற்றி அவள் கையில் கொடுத்து, வளைவில் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். மயிரிழை அளவு வெடிப்பு. நகம் மாட்டியது.

"தங்கச்சி, இத இனி ஒருத்தரும் தொடக்கூடாது. ரெண்டா வெட்டிப் போடுங்க. முழுசாக் கெடந்தா எவனாச்சும் எடுத்துப் பூட்டிருவான்."

அவளும் அன்றைக்கே சிவப்புப் பெயின்டால் பெரிதாகக் குறுக்குக் கோடு போட்டாள். ஸ்டோர்க் கணக்குக் கொப்பியில் எழுதினாள். வெட்டத்தான் இல்லை. இரும்பு வெட்டுகிற கிரைண்டரின் பிளேட் தேய்ந்து போயிருந்தது. புது பிளேட் வந்த அன்று சிமெந்து லொறியும் வந்தது, மறுநாள் கம்பி வந்தது, தலைக்கு மேல் வேலை. கெட்டது கீழ்த்தட்டில் ஒரு மூலையில் கிடந்தது. பிறகு அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று மொனராகலையிலிருந்து போன் வர, இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினாள். சிவப்புப் போட்டிருக்கிறதே, யார் எடுக்கப்போகிறார்கள் என்று ஒரு நினைப்பு.

இன்று காலைதான் திரும்பியிருந்தாள். இப்போது மேசையில் இருந்த ஷேக்கல்களை எண்ணினாள். ஐந்து. மறுபடி எண்ணினாள். ஐந்தேதான். ஐந்தும் வெள்ளி, ஒன்றிலும் சிவப்பு இல்லை. மணி எட்டு ஐம்பது.

வெளியே ஓடினாள். ஆற்றங்கரையில் கிரேன் கால்களை அகட்டிப் போட்டுத் தயாராக நின்றது. தலைப்பாகையும் விசிலுமாகக் கணபதி பாஸ் நின்றார். கொத்து வேலையிலிருந்து கிரேனுக்குக் கை காட்டுவது வரைக்கும் அந்த சைட்டில் அவர்தான் எல்லாம்.

"பாஸ், மிச்சம் நாலு ஷேக்கல் எங்க?"

"காலையிலேயே பூட்டியாச்சு. ஒம்பது பத்துக்கு நல்ல நேரம். மொதப் பலக ஏறுறதப் பாக்கத் தோட்டமே வந்து நிக்குது, பாரு."

"ஒண்ணுல சிவப்புப் போட்டிருந்தேனே, பாத்தீங்களா?"

"எல்லாம் துருவும் அழுக்குமாக் கெடந்துச்சு. சாமிக்கு முன்னால அப்பிடியா வைக்கிறது? ஒண்ணு விடாம எடுத்து, நேத்துப் பூரா உக்காந்து பூசினோம். எது செவப்பு எது பச்சைன்னு யாரு பாத்தா?"

"அது வெடிச்சது, பாஸ்."

கணபதியின் முகம் ஒரு கணம் செத்துப்போனது. அடுத்த கணமே கோபம் வந்துவிட்டது. "வெடிச்சதுன்னா அத எதுக்கு ஸ்டோர்ல வச்சிருந்த?"

தனுஜா திரும்பிப் பலகை மூலைகளைப் பார்த்தாள்; பூட்டியிருந்த நாலும் ஒரே வெள்ளி.

"முன் வரிசையில இருந்த நாலத்தான் எடுத்தோம். ஒன்னோடது உள்ளுக்கதான் கெடக்கும், போய்ப் பாரு. நல்ல நேரத்துல அச்சானியமாப் பேசாத தாயி. போ."

அக்கரையில் லயங்களில் குடியிருக்கும் தோட்டத்துச் சனமெல்லாம் குடையும் பிள்ளையுமாகக் கூடியிருந்தது. பலகையின் ஆற்றுப்பக்க மூலையில், பலகை சுற்றாமல் பிடிக்கிற கயிற்றோடு நிஷாந்த் நின்றான். அவள் புருஷன். தை மாதம்தான் கல்யாணம். இவளைக் கண்டதும் நெஞ்சைத் தொட்டு, கையை விரித்து, 'அம்மாவுக்கு எப்படி?' என்று தூரத்திலிருந்தே ஜாடையில் கேட்டான்.

அந்த இடத்திலேயே அவள் கத்தியிருக்கவேண்டும். கத்தவில்லை. ஏன் என்று கேட்டால், வெட்கம்தான், வேறென்ன! வெட்டிப் போடச் சொன்னதை வெட்டாமல் விட்டவள் தோட்டமே பார்க்க எப்படி வாயைத் திறப்பாள்? அந்த ஐந்துக்குள் அது இருந்துவிட்டால் போதும், ஒரு குஞ்சுக்கும் தெரியாமல் வெட்டி எறிந்துவிடலாம். அந்த நப்பாசை அவளைத் திரும்ப ஸ்டோருக்கு ஓட்டியது.

தின்னர் போத்தலையும் கம்பி பிரஷையும் எடுத்தாள். முதல் ஷேக்கலில் இருந்த சந்தனத்தைத் துடைக்கும்போது கை கூசியது. "தாயே, கோவிச்சுக்காத" என்று படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தேய்த்தாள். பெயின்ட் சரியாகக் காய்ந்திருக்கவில்லை. வழித்துக்கொண்டு வந்தது. அடியில் பழைய இரும்பு, அதில் எத்தனை டன் என்று வெட்டிய எழுத்து. சிவப்பு இல்லை. இது நல்லது.

மற்ற நாளில் அவளுக்கு நிம்மதி தருகிற சொல் அது. இன்றைக்கு அந்த நல்லதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. தூக்கி ஒரு பக்கம் போட்டாள்.

இரண்டாவது. அதுவும் நல்லது. வெளியே யாரோ தேங்காய் உடைத்தார்கள்.

மூன்றாவது. தேய்த்த வேகத்தில் பிரஷ் கம்பி விரலில் குத்தி இரத்தம் வந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்து, அடச்சீ, ஒரு நொடி சந்தோஷப்பட்டுக்கூட விட்டாள். துடைத்தால் வெறும் இரும்பு. கிரேன் எஞ்சின் உறும ஆரம்பித்தது.

நான்காவதும் நல்லது. விசில் சத்தம் கேட்டது.

ஐந்தாவதை எடுத்தாள். இதுதான், இதுவாகத்தான் இருக்கவேண்டும். வளைவில் தேய்த்தாள், முதுகில் தேய்த்தாள், ஆணியின் தலையிலும் தேய்த்தாள். நல்லதிலும் நல்லது, நேற்று வாங்கியது போல. அப்படியானால் கெட்டது எங்கே இருக்கிறது? இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது! கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓட்டமாக ஓடினாள்.

பலகை ஏறிவிட்டது. ஆள் உயரத்துக்கு மேலே, ஆற்றுப்பக்கம் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. கயிற்றைப் பிடித்தபடி நிஷாந்த் அதன் மூலைக்குக் கிட்ட நடந்தான். "பாஸ்! பாஸ்!" என்று கத்தினாள். எஞ்சின் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

கிரேன்காரன் ஒருத்தர் கையைத்தான் பார்ப்பான் என்று வாஹித் நானா ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொல்லியிருந்தார். கணபதி பாஸைத் தவிர வேறு யார் என்ன காட்டினாலும் கண்டுகொள்ளமாட்டாராம். 'நிப்பாட்டு' என்பது மட்டும் வேறு. அதை ரோட்டில் போகிறவன் காட்டினாலும் நிறுத்தியே ஆகவேண்டும்.

தனுஜா கிரேன் கண்ணாடிக்கு நேரே போய் நின்று, இரண்டு கைகளையும் அகல விரித்து வீசினாள். வெட்கமாவது மண்ணாவது! தோட்டம் பார்த்தது, இஞ்சினியர் பார்த்தார், கணபதி பாஸ் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஏதோ திட்டினார். அவள் கையை இறக்கவில்லை.

கிரேன் நின்றது. பலகை அந்தரத்தில் ஒருதரம் ஆடியது.

"கயித்த விட்டுட்டு இங்கிட்டு வாங்க!" என்று அலறினாள். நிஷாந்த் குழம்பிப்போய்க் கணபதியைப் பார்த்தான். கயிற்றை விட்டால் பலகை சுற்றிவிடுமே என்பது அவன் கவலை. வாஹித் நானா கண்ணாடிக்குள்ளிருந்து 'போ, தூரப் போ' என்று கையை வீசினார். அப்புறம்தான் அவன் விட்டுவிட்டு ஓடி வந்தான். மற்றவர்களும் விலகினார்கள். பலகை அங்குலம் அங்குலமாக இறங்கியது. அது மரக்கட்டையில் வந்து உட்கார்ந்தபிறகுதான் தனுஜா கையை இறக்கினாள்.

எஞ்சின் அடங்கியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பண்டாரவளையிலிருந்து வருகிற இஞ்சினியர் ஷாஹ்மி, "என்ன பிரச்சினை தனுஜா?" என்று கேட்டார். அவள் சொல்லிமுடிப்பதற்குள் கணபதி பாஸ் பாய்ந்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சேர்! நல்ல காரியத்த நடுவுல நிப்பாட்டிட்டா!"

"காட்டுறேன்" என்றாள். ஸ்டோருக்கு ஓடிப்போய்த் தின்னரையும் கம்பி பிரஷையும் கொண்டுவந்தாள். பலகைமேல் ஏறி, முதல் மூலையில் உட்கார்ந்து தேய்த்தாள். நல்லது. இரண்டாவது மூலை, நல்லது. மூன்றாவதும் நல்லது. அக்கரையில் யாரோ சிரிப்பது கேட்டது.

"நாலாவதையும் பாத்துட்டு, நீயே போயி சாமிகிட்ட மன்னிப்புக் கேளு" என்றார் கணபதி பாஸ்.

நாலாவது ஆற்றுப்பக்கத்து மூலை. நிஷாந்த் நடந்துவந்த மூலை. ஒரு இழுப்புத்தான் இழுத்தாள். வெள்ளிக்கு அடியிலிருந்து சிவப்பு வந்தது.

வாஹித் நானா இறங்கி வந்து, குனிந்து, வளைவில் நகத்தை ஓட்டினார். பன்னிரண்டு நாளைக்கு முன் நகம் மாட்டிய இடத்தில் இப்போது வாய் திறந்திருந்தது. "அல்லாஹ்வே" என்றார். கணபதி பாஸ் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அவருக்கு உட்காரவேண்டும் போலிருந்ததோ என்னவோ, பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"நாந்தானே பூசினேன்" என்றார். "அழகாருக்கட்டும்னு பூசினேன்."

"நல்ல வேல செஞ்சீங்க தனுஜா" என்றார் ஷாஹ்மி.

"இல்ல சேர்." எல்லோருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னாள். "இத வெட்டிப் போடச் சொல்லிப் பன்னெண்டு நாளாச்சு. நாந்தான் வெட்டல. பாஸ் மேல தப்பில்ல, எம்மேலதான்."

ஷாஹ்மி கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். அதைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டு, "இப்ப நல்ல நேரமும் போயிருச்சே பாஸ். இன்னைக்குத் தூக்கிறதா, வேற நாள் பாக்கிறதா?" என்றார்.

கணபதி பாஸ் நிஷாந்தைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நேரம் போனாப் போகட்டும் சேர். பய உசுரோட நிக்கிறான்ல."

பூசினது பூராவும் சுரண்டிக் கண்ணால் பார்த்தபிறகுதான் இனி கிரேனில் கை வைப்பேன் என்று வாஹித் நானா சொல்லிவிட்டார். கணபதி பாஸே தின்னரும் துணியுமாகச் சங்கிலி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தனுஜா போய்க் கிரைண்டரைக் கொண்டுவந்தாள். ஒன்பதாவதைக் கட்டைமேல் வைத்துப் பூட்டி, யாரையும் தொடவிடாமல் தானே வெட்டினாள். பொறி பறந்தது. வெடிப்பு இருந்த பக்கம் சீக்கிரம் விட்டுக்கொடுத்தது, மறுபக்கம் நேரமெடுத்தது. இரண்டாவது துண்டு மண்ணில் விழுந்தபோது அதில் குங்குமம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

கிரைண்டரை நிறுத்தி நிமிர்ந்தாள். நிஷாந்த் பக்கத்தில் நின்றான்.

"அம்மாவுக்கு எப்பிடி இருக்கு, தனு?" என்றான்.

நல்லா இருக்காங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சொல்ல முடியவில்லை. கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு, அத்தனை பேர் பார்க்க, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.