பறவைகளுக்கு வேலி

ஆய்வகத்தில் அவளுக்குப் பறவைக்காரி என்று பேர். வைத்தது பெரியவர். முப்பது வருஷமாகக் காகிதத்தில் கணக்குப் போட்டே ஆன்டெனா வடிவமைக்கிற மனுஷன். அவரிடம் போய், "முப்பது பறவையைக் கணினிக்குள்ள பறக்க விடலாம் சார், ஒவ்வொண்ணும் ஒரு வடிவம், நல்ல இடத்தை எது பாத்தாலும் மத்ததெல்லாம் அந்தப் பக்கம் சாயும்" என்றால் பேர் வைக்காமல் என்ன செய்வார்?

இன்றைக்கு அந்தப் பறவைகள் கண்டுபிடித்த ஆன்டெனாவுக்குச் சோதனை. தேறினால் அவள் வேலை நீட்டிப்புத் தாளில் பெரியவர் கையெழுத்துப் போடுவார். தேறாவிட்டால் மாதக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சோதனை அறைக் கதவைச் சாத்திய பிறகுதான் கையிலிருந்த வரைபடத்தை இன்னொரு தடவை பார்த்தாள். இரண்டு செம்புப் பட்டைகளுக்கு நடுவே இடைவெளி 0.02 மில்லிமீட்டர். ஐயோ, குறைந்தபட்ச எல்லையே போடவில்லை! கணக்குப் போடும் மென்பொருளுக்கோ அரை மில்லிமீட்டருக்குக் கீழே கண் தெரியாது. எவ்வளவு சின்ன இடுக்கானாலும் அரை என்றே எடுத்துக்கொள்ளும். நிஜத் தகட்டில் கதையே வேறு. பாவி மகள், வேலி போட மறந்தாள். பறவைகள் போய் மென்பொருளின் குருட்டு மூலையில் கூடு கட்டிவிட்டன.

உள்ளே ஆன்டெனா வைத்த மேடை மெல்லச் சுழன்றது. வெளியே திரையில் கோடு ஊர்ந்தது.

"என்னம்மா இப்படி வேர்க்குது? ஏசி ஓடுதே," என்றார் பெரியவர்.

கோடு இறங்கியது. கணக்குச் சொன்ன அதே இடத்தில், அதே ஆழத்தில். தேறிவிட்டது.

"அடேயப்பா! நான் தோத்துட்டேன்மா." பெரியவர் பேனாவைத் திறந்துகொண்டு தாளைத் தேடினார்.

எப்படித் தேறும்? தகடு வெட்டித் தந்த பட்டறை அண்ணன் மெல்லப் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார். "அந்த இடுக்கு மயிரிழைகூட இல்லம்மா. எங்கிட்ட இருக்கறதிலேயே சின்ன வெட்டுற பிட் அரை மில்லிமீட்டர். நீ ஏதோ தப்பா அடிச்சிட்டேன்னு நினைச்சு அரையாவே வெட்டிட்டேன். வாயைத் திறக்காத, கையெழுத்தை வாங்கிக்க."

பேனா தாளைத் தொட்டது. ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் போதும்.

"சார், போடாதீங்க!"

எல்லாவற்றையும் கொட்டினாள். "இது பறவைங்க சொன்ன ஆன்டெனா இல்ல சார். அண்ணன் கை காப்பாத்தினது."

பெரியவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"நீ சொல்லாம விட்டிருந்தா, அடுத்த மாசம் என் வேலை மொத்தத்தையும் இதுங்ககிட்ட ஒப்படைச்சிருப்பேன். தெரியுமா?" என்று எரிந்து விழுந்தார். அப்புறம் நாற்காலியை அவள் கணினி முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்த ஒரு வருஷத்தில் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர்.

"எல்லையைப் போட்டு மறுபடியும் பறக்க விடு. என் கண்ணு முன்னால. தேறினா அப்ப போடறேன் கையெழுத்து."

0.5 என்று அடித்தாள். இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினாள்.