பன்னிரண்டு அட்டைகளுக்கு அடியில்

எப்சி இதுவரை விற்ற ஓவியம் ஒன்றே ஒன்றுதான். அதை 2013-இல் வாங்கியவர் எலியேசர். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பார்த்துப் பிடித்த படத்தையெல்லாம் வாங்கி வீட்டுச் சுவர்களை அடைத்து வைத்தவர். அவர் காலமாகி ஐந்து வருடம் கழித்து, துபாயிலிருக்கும் மகன் ஜெனோ ஏற்பாடு செய்து, அந்தச் சேகரிப்பைப் பாளையங்கோட்டையில் ஒரு மண்டபத்தில் கண்காட்சியாக வைத்தார்கள். பள்ளியில் டிராயிங் டீச்சரான எப்சி, அழைப்பிதழை டீச்சர்கள் மேஜை ஒன்று விடாமல் காட்டிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

படத்தின் பெயர் ‘மணல்’. உச்சிவெயிலில் சீவலப்பேரி ஆற்று மணல். நாலடிக்கு மூன்றடி முழுக்க வெள்ளை, அடியில் மட்டும் நூல் போலத் தண்ணீர். வெள்ளைதானே என்று யாரும் அலட்சியமாகச் சொல்லிவிட வேண்டாம். அந்த வெள்ளைக்காக மூன்று மாதம் உறக்கம் கெட்டவள் அவள்.

மண்டபத்தில் ஒரு படத்தின் முன்னால் மட்டும் கூட்டம் மொய்த்தது. கீழே தன் பெயரைப் பார்த்ததும் எப்சிக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். மணல் மேல் வரிசையாகப் பன்னிரண்டு அட்டைகள், நாலு மூலையிலும் டேப். புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் அந்த வருடத்துக்கான பைபிள் வசனத்தை அச்சடித்துக் கோயிலில் ஆளுக்கொன்றாகக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டைகள். 2014 தொடங்கி இந்த வருடம் வரை இருந்தன. அட்டை இல்லாத இடமெல்லாம் எண்ணெய்ப் புகையேறி மஞ்சளாகிக் கிடந்தது.

“மேடம், ஷோவுக்கே இதுதான் உயிர்,” என்றான் கிரீஷ். படங்களைத் தேர்ந்து மாட்ட ஜெனோ அமர்த்திய ஆள். கல்லிடைக்குறிச்சிக்காரன், இப்போது சென்னைவாசி. “வருஷா வருஷம் வந்து ஒண்ணு ஒட்டியிருக்கீங்க பாருங்க! நாலு மணிக்கு இதைப் பத்தித்தான் நீங்க பேசணும்.”

உண்மையைச் சொன்னால் படம் சுவரிலிருந்து இறங்கிவிடும். சொல்லாவிட்டால் செய்யாத வேலைக்குக் கைதட்டு வாங்க வேண்டும்.

எலியேசரின் மனைவி சாலோமி பக்கத்தில் வந்தாள். “சாப்பாட்டு மேசைக்கு மேல அவிய மாட்டியிருந்தாவ பிள்ள. நடுவுல வெறுமனே கெடந்துச்சா, அட்டைய அங்கன ஒட்டிட்டேன். நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம் இந்தத் தம்பி அப்படியே தூக்கிட்டு வந்துட்டுது. ஒனக்குக் கோவமா?”

“ஆமா ஆன்ட்டி.” கோபம்தான். அழுகையும் வந்தது.

“அப்போ பிச்சிருவோம். அந்த 2020 மட்டும் கெடக்கட்டும்.”

2020-இன் வசனம் நீண்ட ஆயுளைப் பற்றியது. அந்த ஆகஸ்டில்தான் எலியேசர் போனார். அடுத்த ஜனவரியிலும் சாலோமி அட்டை வாங்கிவந்து, அதற்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறாள். எப்சி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபம் போகவில்லை. ஆனால் அதை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

“மொத அட்டைய மட்டும் எடுக்கட்டுமா ஆன்ட்டி?”

“எடு பிள்ள.”

நகத்தால் டேப்பைப் பைய நெம்பினாள். 2014 கையோடு வந்தது. அடியில் உள்ளங்கை அகலத்துக்கு அவளுடைய வெள்ளை, புகை படாமல், வைத்தது வைத்தபடி இருந்தது.

நாலு மணிக்குக் கிரீஷ் மைக்கை நீட்டினான்.

“அட்டை ஒட்டுனது நான் இல்ல,” என்றாள் எப்சி. “இந்தா இருக்காங்கல்லா, சாலோமி ஆன்ட்டி, அவங்கதான்.”

கிரீஷின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். “அப்போ நீங்க வரைஞ்சது?”

எப்சி அந்த வெள்ளையைத் தொட்டுக் காட்டினாள். “இவ்வளவுதான் மிச்சம்.”

யாரும் கைதட்டவில்லை. சாலோமிதான் முதலில் எழுந்து வந்தாள். அந்தப் படத்தின் கீழே பன்னிரண்டு வருடம் உட்கார்ந்து சாப்பிட்டவள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முகத்தைக் கிட்டக் கொண்டுபோனாள்.

“இம்புட்டு வெளிச்சமாவா இருந்துச்சு?” என்றாள். “நான் பாக்கவே இல்லியே பிள்ள.”