மேடம் பால் கொடுக்கும் நேரம்

ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. அணைத்தான். பல் துலக்கினான். ஒரு சட்டையை இஸ்திரி போட்டான். பால்கனிக்குப் போய் முயல் கூண்டின் தட்டை உருவி, நனைந்த செய்தித்தாளைச் சுருட்டிப் போட்டுவிட்டுப் புதுத்தாள் விரித்தான். தண்ணீர் பாட்டிலை நிரப்பினான். காய்ந்த புல் ஒரு கைப்பிடி, கேரட்டில் பாதி. முன்பெல்லாம் இது மனைவியின் வேலை. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வராமல் போய் முப்பத்தாறு நாள் ஆகியிருந்தது.

கூண்டின் மூலையில் வெள்ளை முடி பந்தாகக் கிடந்தது. கொட்டிய முடி என்று அள்ளினான். பந்து நெளிந்தது.

உள்ளே ஐந்து குட்டிகள். உடம்பில் முடியில்லை, கண் திறக்கவில்லை. ஒவ்வொன்றும் நடுவிரல் நீளம். பந்தை அப்படியே திருப்பி வைத்துவிட்டு மச்சினிக்குப் போன் செய்தான். சாவு நடந்த அந்தப் பத்து நாளும் மனைவியின் முயலைத் தன் முயலோடு ஒரே கூண்டில் வைத்துக்கொண்டவள் அவள்தான்.

"உன் முயல் பொண்ணுன்னுதானே சொன்ன?"

"ஆமா மாமா. கடைக்காரன் அடிச்சுச் சொன்னான்."

"அந்தப் பொண்ணு இங்க அஞ்சு பிள்ளைக்கு அப்பா ஆயிருக்கு."

மச்சினி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டாள்.

சனிக்கிழமை அவன் வீட்டைக் காலி செய்வதாக இருந்தது. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வேறு ஊர்க் கிளைக்கு அவனே கேட்டு வாங்கிய மாற்றல். தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் பெட்டிக்குள் போயாகிவிட்டது. முயல் மச்சினி வீட்டுக்கு என்று பேச்சு. ஒரு பக்கம் மட்டும் பள்ளம் விழுந்த அந்த மெத்தையோடு இன்னும் நாலே இரவு என்று எண்ணிக்கொண்டிருந்தான்.

"கூண்ட அசைக்கவே கூடாது. குறைஞ்சது அஞ்சு வாரம்," என்றார் மிருக டாக்டர்.

மேலாளரிடம் விஷயத்தைச் சொல்லி ஐந்து வாரம் லீவு கேட்டான். "பிரசவ லீவு கேட்ட முதல் ஆம்பள நீதான்யா," என்றவர், சட்டென்று குரலை இறக்கி, "எடுத்துக்கோ," என்றார்.

முயலின் பெயர் மேடம். கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது என்பதால் மனைவி வைத்த பெயர். மேடம் இப்போது குட்டிகளையும் திரும்பிப் பார்க்கவில்லை. கூண்டின் மறுகோடியில், அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புல் மென்றது. அவன் சமையலறைத் தராசில் குட்டிகளை நிறுத்துக் குறித்துக்கொண்டு, கூண்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தான். வெயில் பால்கனிக்கு வந்து, சுவரேறி, போனது. கழிப்பறைக்குக்கூட ஓடித்தான் போய்வந்தான். இருட்டியதும் நாற்காலியிலேயே தூங்கிப்போனான்.

மறுநாள் காலை மறுபடி நிறுத்தான். நான்கு குட்டிகள் இளைத்திருந்தன. வயிறு ஒட்டி, தோல் சுருங்கிக் கிடந்தது. ஐந்தாவது விறைத்திருந்தது. அதை நிறுக்கவில்லை.

மச்சினி ஒரு பை புல்லோடு வந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும், எதுவும் கேட்காமல் டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"எவ்வளவு நேரமா பக்கத்துல இருக்கீங்க?" என்றார் டாக்டர்.

"நேத்துக் காலைல இருந்து."

"அப்போ பிரச்சினை நீங்கதான் சார். முயல் கோழி மாதிரி மேலயே உக்காந்திருக்காது. ஒரு நாளைக்கு ஒரு தடவ, மிஞ்சிப்போனா ரெண்டு தடவ பால் கொடுக்கும். அஞ்சு நிமிஷ வேலை. நீங்க இப்படிக் கண்கொத்திப் பாம்பா உக்காந்திருந்தா கிட்டயே போகாது. எழுந்து வெளிய போங்க."

"போன நேரத்துல ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"இருந்தாத்தான் ஆகும்."

அவன் எழவில்லை. மச்சினி கூண்டின்மேல் ஒரு துண்டைப் போட்டாள். அவன் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், வாசலுக்கு வெளியே தள்ளி, கதவைப் பூட்டிச் சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள்.

"மணி என்ன?"

"இப்பத்தானே மாமா கேட்டீங்க."

இரண்டு முறை எழுந்தான். இரண்டு முறையும் அவள் சட்டை நுனியைப் பிடித்து உட்காரவைத்தாள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாவியைக் கொடுத்தாள்.

துண்டை விலக்கினான். மேடம் அதே மறுகோடியில், அதே முதுகு, அதே புல். முடிப்பந்தை விரலால் விலக்கிப் பார்த்தான். நான்கு வயிறும் கும்மென்று உப்பியிருந்தன. தராசில் வைத்தபோது ஒவ்வொன்றும் எட்டு, பத்து கிராம் கூடியிருந்தது.

"பாருங்க," என்றாள் மச்சினி. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அக்கா கடைசியா, முயலப் பாத்துக்கன்னு சொன்னாள்ல. பாத்துட்டீங்க."

"அவ அப்படிச் சொல்லல."

"அம்மாகிட்ட நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னான்தான். சாவு வீட்டில் மாமியார் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கடைசியா என்ன சொன்னா என்று விடாமல் கேட்டபோது, வாயில் வந்ததைச் சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டான். உண்மையைச் சொன்னால் அந்த நேரத்தில் நீ ஏன் பக்கத்தில் இல்லை என்ற கேள்வி வரும். ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த் திரும்ப இருபது நிமிடம். வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள்.

"பின்ன என்னதான் சொன்னா?"

தராசை அணைத்தான். இன்னும் ஐந்து வாரம் இந்த வீட்டில். தினமும் கதவைப் பூட்டிக்கொண்டு போய் அந்தப் படியில் உட்கார வேண்டும். மச்சினியைப் பார்க்காமல், கூண்டைப் பார்த்துக்கொண்டு, மனைவி சொன்ன மாதிரியே சொன்னான்.

"எழுந்து போயேன், கொஞ்ச நேரம் வெளிய நடந்துட்டு வாயேன். நீ இப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது."