தர்ஷனா ஏற்றிய விலை

1.

இது கதையாகப் பிறந்தது இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரைதான் கேட்டார்கள். தலைவர் தேவராசா அண்ணை தொலைபேசியில் தலைப்பையும் தானே சொன்னார்: "விளையாட்டு வீரர்களின் ஊதியம் ஏறுவதற்கு முகவர்கள்தான் காரணமா?" அவர் சொன்ன விதத்திலேயே அது கேள்வி இல்லை என்று எனக்கு விளங்கிவிட்டது.

"நேரை ஆரையும் பேர் சொல்லி எழுதவேண்டாம். அமெரிக்காவிலை பேஸ்போல் எண்டு ஒண்டு இருக்கு, அங்கை ஏஜென்ட்மார்தான் எல்லாத்தையும் பழுதாக்கினதாம். அதை வைச்சு எழுதுங்கோ. விளங்கிற ஆக்களுக்கு விளங்கும்."

விளங்குகிற ஆட்கள், டென்மார்க்கில் எங்கள் ஊர்களான வைலேயிலும் பிரெடெரிசியாவிலுமாக ஒரு நூறு பேர் வருவார்கள். அவர்களுக்கு விளங்கவேண்டியது ஒரே ஒரு பெயர்: எங்கள் வீரர்களுக்காகக் கழகங்களோடு காசு பேசுகிற தர்ஷனா.

நான் இந்தக் கழகத்தின் நிர்வாக சபையில் இருக்கிறேன். கோடைகால உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியில் ஒலிவாங்கியைப் பிடித்து வர்ணனை செய்கிறேன். வாழ்த்துரை, நன்றியுரை, அஞ்சலி எல்லாம் எழுதிக் கொடுக்கிறேன். வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லாதவனைத் தேடித்தான் இந்த வேலைகள் வந்து சேரும். சரி அண்ணை என்றேன்.

2.

முதல் தொடக்கம்:

"அமெரிக்காவின் பச்சைப் புல்வெளியில் வெள்ளைப் பந்து வானைக் கிழித்துக்கொண்டு..."

(விட்டுவிட்டேன். நான் பேஸ்போல் பார்த்ததில்லை. ஊரில் எல்லே விளையாடியவன். என் மகள் இங்கே பள்ளிக்கூடத்தில் றுண்ட்போல்ட் விளையாடினாள். இரண்டிலும் தடியால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடவேண்டும். இந்த அறிவை வைத்து மலரில் ஒரு பக்கத்தை நிரப்பலாம், நிரப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.)

இரண்டாம் தொடக்கம்:

"அந்த விளையாட்டில் பல காலம் ஒரு வீரன் ஓர் அணியில் சேர்ந்தால் அந்த அணிக்கே உரியவன். நினைத்தபடி விட்டுப் போக முடியாது. பிறகு அந்தக் கட்டு அவிழ்ந்தது. தொலைக்காட்சிப் பணமும் வந்து கொட்டியது. அணிகள் ஒன்றோடொன்று போட்டிபோட்டு வீரர்களைப் பிடித்தன. முகவர்கள் நடுவில் நின்று கேட்டார்கள். ஆகவே..."

இந்த 'ஆகவே'யில் ஒரு வாரம் நின்றேன். ஆகவே யார் காரணம்? கேட்டவன் கேட்டான். கேட்டுவிட்டான் என்பதற்காக யாரும் கொடுத்துவிடுவதில்லை. என் மகள் கேட்டதையெல்லாம் நான் வாங்கிக் கொடுத்தேனா? கொடுத்தவர்களுக்கு அந்த வீரன் தேவைப்பட்டான், கையில் பணமும் இருந்தது, கொடுத்தார்கள். ஆனால் கொடுத்தவரைத் திட்டினால் அடுத்த வருடம் மைதானத்துக்கு யார் பணம் போடுவது? கேட்டவரைத் திட்டுவதில் செலவில்லை. [இந்த வசனத்தைத் தேவராசா அண்ணை வெட்டுவார்.]

கட்டுரை அத்தோடு படுத்துவிட்டது. தட்டி எழுப்பிப் பார்த்தேன். கதையாகத்தான் எழும்பியது.

3.

தர்ஷனாவுக்கு முப்பத்துமூன்று வயது. பிரெடெரிசியாவில் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் வேலை. சம்பளத்தைக் குறைத்துக் கொடுக்கிற முதலாளிகளோடு பேசி அதை வாங்கிக் கொடுப்பதுதான் அவள் தொழில். டெனிஷில் சண்டை பிடிக்கிறதுக்குச் சம்பளம் வாங்குகிறாள் என்று தகப்பன் அந்தோனிதாசன் போகிற இடமெல்லாம் பெருமையடிப்பார்.

(முதல் வரைவில் அவளுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு, விலைகூடின கார் ஒன்றும் கொடுத்திருந்தேன். ஏஜென்ட் என்றால் அப்படித்தானே இருக்கவேண்டும். உண்மையில் அவளிடம் இருப்பது பின்கதவு ஒழுங்காகப் பூட்டாத ஒரு பழைய கார். அதனால் கண்ணாடியையும் கழற்றினேன். கழற்றியதும் அவள் வேலை முடிந்து வந்த முகத்தோடு என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவளைப் பற்றிக் கெட்டதாக எழுதுவது கஷ்டமாகிவிட்டது.)

போன கோடையில், இறுதிப்போட்டி ஒன்றில் எங்கள் பந்துக்காப்பாளன் நிரோஜன் விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டான். அவன் ஒரு பண்டகசாலையில் மணிக்கணக்குக்கு வேலை செய்கிறவன். வேலைக்குப் போகாவிட்டால் சம்பளமில்லை. கழகம் அவனுக்குப் பூச்செண்டு கொடுத்தது. அவன் வீரத்தைப் பற்றி நான் ஒலிவாங்கியில் உருக்கமாகப் பேசினேன். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கூட்டத்தில் நின்ற தர்ஷனாவுக்கு அந்தக் கைதட்டல்தான் பொறுக்கவில்லை. மூன்று மாத வாடகையை இவன் எதால் கட்டப்போகிறான் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரமே வீரர்களைக் கூட்டி வைத்துக் கேட்டாள். "உங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கோ?"

"அக்கா, நாங்கள் புரியாணிக்கு விளையாடுற ஆக்கள்," என்று நிரோஜன் கைக்கட்டோடு சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. விபத்துக் காப்புறுதி, வழிச்செலவு, போட்டி நாளுக்கு எண்ணூறு குரோனர். அதற்குக் கீழே எந்தக் கழகத்துக்கும் யாரும் விளையாடுவதில்லை. இதுதான் அவள் போட்ட ஒப்பந்தம். "ஒரு ஆள் இறங்கிப் போனாலும் எல்லாரையும் இறக்கிப்போடுவினம்," என்று சொல்லி ஒவ்வொருவரிடமும் வாக்கு வாங்கினாள். கழகங்களோடு பேசுவதையும் தானே ஏற்றுக்கொண்டாள்.

எண்ணூறில் ஒரு சிறு பங்கை அவள் எடுத்தாள். அதை நான் மறைக்கமாட்டேன். சும்மா செய்கிற வேலைக்கு எங்கள் ஆட்களிடம் என்ன மரியாதை என்பதை, எல்லா விழாவிலும் மேடைக்குப் பின்னால் சமையல் கிடாரம் கழுவுகிற தன் தாய் மேரிகிறேஸைப் பார்த்தே தெரிந்துகொண்டவள் அவள்.

* அடிக்குறிப்பு போல ஒன்று. எண்ணூறு எப்படி மூவாயிரமானது? கோப்பன்ஹேகன் பக்கத்துக் கழகம் ஒன்றிடம் நாங்கள் படுதோல்வி அடைந்த அன்று மாலை, பாரிஸில் இருக்கிற ஒரு முன்கள வீரனைத் தேவராசா அண்ணை தன் கைத்தொலைபேசியிலேயே அழைத்தார். அவன் விலையே சொல்லவில்லை. "மற்றவங்கள் எவ்வளவு தாறாங்கள் எண்டு சொல்லும் தம்பி, அதுக்கு மேலை நான் தாறன்," என்றார். நான் பக்கத்தில் நின்று றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பேச்சு மூவாயிரத்தில் முடிந்தது. அந்த அழைப்பில் தர்ஷனா இல்லை.

4.

இனி அவளுடைய அண்ணன் பிரதீபன். இவன் இல்லாவிட்டால் இந்தக் கதையை நான் லேசாக முடித்திருப்பேன்.

வயது முப்பத்தேழு. பதினாறு வயதிலிருந்து எங்கள் கழகத்தின் தடுப்பாளன். கெட்டிக்காரன் என்று சொல்லமாட்டேன். ஓடமாட்டான், நிற்பான். பந்துதான் வந்து அவன்மேல் மோதும். ஆனால் மழையோ குளிரோ முதலில் வருகிறவன் அவன். கோடு போடுவான், வலை கட்டுவான், எல்லோரும் போனபிறகு தண்ணீர்ப் போத்தல்களைப் பொறுக்குவான். ஒரு சதம் வாங்கியதில்லை. விவாகரத்துக்குப் பிறகு அவனுக்கு மிஞ்சிய கூட்டமும் இந்த அணிதான்.

இந்த வருட அணியைத் தெரிவு செய்ய நிர்வாக சபை கூடியபோது, "எண்ணூறு குடுத்துப் பிரதீபனையோ?" என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு எழுந்தது. அவன் பெயர் விடுபட்டது.

ஞாயிறு பூசை முடிந்து அவன் நேரே தங்கையின் வீட்டுக்குப் போனான். சமையலறை மேசையில் உட்கார்ந்தான். மேல்சட்டையைக் கழற்றவில்லை.

"பிள்ளை, என்னைச் சும்மா விளையாட விடு."

"ஏலாது அண்ணா."

"அப்ப காசு தந்ததெண்டே இருக்கட்டும். நான் பிறகு பொருளாளரிட்டை கையிலை திருப்பிக் குடுக்கிறன். ஆருக்குத் தெரியப்போகுது?"

தேநீருக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த தர்ஷனா குழாயை மூடினாள். வங்கியில் சம்பளத்தைப் போட்டுவிட்டுப் பின்கதவால் திருப்பி வாங்குகிற முதலாளிகளை அவள் அலுவலகத்தில் கண்டு களைத்தவள். சம்பளம் வாங்குகிறவனே வந்து, திருப்பித் தருகிறேன் என்று கெஞ்சுவதை இன்றுதான் காண்கிறாள்.

"அண்ணா, உங்களை விட்டால் வாற வருசம் எல்லாரிட்டையும் திருப்பிக் கேப்பினம். நிரோஜனுக்கு நான் என்ன சொல்லுறது?"

"நிரோஜன் உன்ரை கூடப்பிறந்தவனோ?"

டெனிஷ் வராத பெற்றோருக்கு, அவளுடைய பள்ளிக்கூடக் கூட்டங்களில் மொழிபெயர்த்தவன் இவன்தான். ஆசிரியை சொன்ன குறைகளையெல்லாம் விழுங்கிவிட்டு நல்லதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தவன்.

"நீங்கள் அவ்வளவு மலிவில்லை அண்ணா," என்றாள்.

"மலிவில்லையெண்டு நீதான் சொல்லுறாய். ஒருத்தருக்கும் நான் வேண்டாம். சும்மா எண்டாலாவது கூப்பிட்டவங்கள்."

பெயர்ப் பதிவு அடுத்த ஞாயிறோடு முடிகிறது.

5.

இந்த இடத்தில் எனக்கு முடிவு தேவைப்பட்டது. மூன்று எழுதினேன்.

அ) தர்ஷனா மறுத்துவிடுகிறாள். சுற்றுப்போட்டி அன்று பிரதீபன் கொத்துரொட்டிக் கடையில் தட்டு எடுத்துக் கொடுக்கிறான். பந்து ஒன்று உருண்டு வந்து அவன் காலடியில் நிற்கிறது. அவன் அதை... (சினிமா. வெட்டினேன்.)

ஆ) தர்ஷனா கண்ணை மூடிக்கொள்கிறாள். பிரதீபன் விளையாடுகிறான், மகிழ்ச்சியாக, மோசமாக. அடுத்த கோடையில் எல்லோரும் பின்கதவால் திருப்பிக் கொடுக்கிறார்கள். அதற்கடுத்த கோடையில் காப்புறுதியும் போய்விடுகிறது. நிரோஜன் பந்துக்குப் பாய்கிறபோதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

இ) தர்ஷனா மேடையேறி, விளையாட்டைத் தான் வியாபாரமாக்கிவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறாள். தேவராசா அண்ணை பெருந்தன்மையோடு தலையசைக்கிறார். மலருக்கு ஏற்றது இதுதான். எழுதும்போது கை கூசியது. களைப்பு கூச்சத்தை வென்றுவிட்டது.

6.

அச்சுக்குப் போகுமுன் அவளிடம் காட்டுவதுதான் மரியாதை என்று பட்டது. வைலே ரயில் நிலையத்தில், அவள் ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில் தாள்களைக் கொடுத்தேன். இங்கே பிறந்த பிள்ளை. தமிழை விரல் வைத்து மெதுவாகத்தான் வாசிப்பாள். நான் இரண்டு கோப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். ஒன்றைக் குடித்து முடித்தேன்.

"காரைப் பற்றி எழுதாமல் விட்டிருக்கலாம் மாமா," என்றாள்.

"வெட்டிவிடுறன்."

"இல்லை, இருக்கட்டும். உண்மைதானே." தாள்களை அடுக்கினாள். "ஆனால் மூண்டு முடிவிலையும் நான்தான் ஏதோ செய்யவேண்டியிருக்கு."

"நீதானே பிள்ளை ஏஜென்ட்."

"ஓம். நான் கேட்டது எண்ணூறு. அண்ணா இருபது வருசமாய்ச் சும்மா விளையாடினவர். கழகம் அந்த எண்ணூறை அவருக்குக் குடுத்துக் கூப்பிட்டால் பிரச்சினை முடிஞ்சுது. நிரோஜனுக்கும் குறையாது, ஒருத்தருக்கும் குறையாது. அந்த முடிவை ஏன் மாமா நீங்கள் எழுதேல்லை?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்த முடிவு எனக்குத் தோன்றவே இல்லை. நிர்வாக சபையிலும் யாருக்கும் தோன்றவில்லை. பாரிஸ்காரனுக்கு மூவாயிரம் என்றபோது எல்லாக் கையும் உயர்ந்தது, என் கையும்தான்.

"அண்ணாவுக்கு என்ன சொன்னனீ?"

"அது உங்கடை மலருக்குத் தேவையில்லை," என்றாள். ரயில் வந்தது. கோப்பியை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

7.

நான்காவது முடிவு:

"நிர்வாக சபை மறுபடி கூடியது. தேவராசா அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு, 'எங்கடை பிரதீபனுக்கு...'"

(நின்றுவிட்டது.)

"தேவராசா அண்ணை எழுந்து, இருபது வருடமாக இந்தக் கழகத்துக்கு..."

(இதுவும்.)

அவர் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். அவருடைய உரைகளில் பாதி நான் எழுதியவை. ஆனால் இந்த ஒரு வசனத்தை அவர் வாயில் வைத்தால் ஒட்டவில்லை. ஒரு பொய்யனின் கதைபோல ஆகிவிடுகிறது. வேறு யார் வாயில் வைக்கலாம் என்று பார்த்தேன். பொருளாளர், செயலாளர் என்று ஒவ்வொருவராக எழுப்பி உட்கார்த்தினேன். கடைசியில் சபையில் ஓர் ஆள்தான் மிஞ்சினான். அவனுக்கு வேண்டாம் என்று சொல்லவே தெம்பில்லை. வேண்டும் என்று எப்படிச் சொல்லப்போகிறான்?

பெயர்ப் பதிவு முடியுமுன் நிர்வாக சபையின் கடைசிக் கூட்டம் வியாழக்கிழமை. வாசிக்கிற நீங்களும் எங்கோ ஒரு கழகத்தில், ஒரு கோயில் சபையில், ஒரு பெற்றோர் சங்கத்தில் கை உயர்த்துகிறவராகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கும் சும்மா வந்து வலை கட்டிவிட்டுப் போகிற ஒருவன் இருப்பான். அவனுடைய பெயரைப் போட்டு இந்த வசனத்தை வாய்விட்டுச் சொல்லி முடித்துப் பாருங்கள். எனக்கு இதுவரைக்கும்தான் வருகிறது:

"தலைவர் அண்ணை, நான் ஒண்டு சொல்லவேணும். பிரதீபனுக்கு நாங்கள்..."