சர்க்கரைச் சாக்கு

கரும்பு சுமந்த நாட்களில் அம்மாவுக்குக் கழுத்து திரும்பாது. உடம்பையே திருப்பித்தான் என்னைப் பார்ப்பாள். அன்று அப்படித் திரும்பியவளின் தோளில் ஒரு காலிச் சர்க்கரைச் சாக்கு கிடந்தது. பாலக்கோட்டு டீக்கடையில் நாலணாவுக்கு வாங்கியதாம்.

"பொஸ்தகத்த இதுல வெச்சுக்க மேரி. கீழ வெச்சா கரையான் உடாது."

இளம்பிள்ளை வாதத்தில் என் வலது கால் சூம்பிவிட்டது. இண்டூர்ப் பள்ளிக்கூடம் மூன்று மைல். உள்ளூரில் ஐந்தாவதோடு நின்றவள், எட்டாவது பரீட்சையைத் தனியாக எழுதலாம் என்று பங்குச் சாமியார் சொன்னதால் வீட்டிலேயே படித்துக்கொண்டிருந்தேன். எழுபத்தைந்தாம் வருஷம். புத்தகம் எதுவும் என்னுடையதில்லை. மேட்டுக்காட்டு மாதையன் மகள் கண்ணம்மாள் தான் படித்ததை ஒவ்வொன்றாகத் தருவாள். ஒன்றைத் திருப்பினால்தான் அடுத்தது.

அம்மா சாக்கை வெட்டி, கோணி ஊசியால் நாலு பை வைத்துத் தைத்தாள். புத்தகத்துக்கு ஒன்று. கண்ணம்மாளின் பழைய நோட்டுகளில் மிஞ்சிய வெள்ளைத் தாளைச் சேர்த்துக் கட்டிய நோட்டுக்கு ஒன்று. துண்டுப் பென்சில்களுக்கு ஒன்று. மைப்புட்டி சாயாமல் இருக்கக் கொட்டாங்குச்சி வைத்த பை ஒன்று. உட்கார்ந்தபடி எனக்குக் கை எட்டும் உயரத்தில், விட்டத்திலிருந்து கயிற்றில் தொங்கியது. நனைத்தால் மக்கிவிடும் என்று சாக்கை அலசவில்லை. உதறினாள், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் எறும்பு வந்தது. ஒரு வாரத்தில் கயிறு வழியே எலி இறங்கிச் சரித்திரப் புத்தகத்தில் பதினெட்டுப் பக்கம் தின்றுவிட்டது. நான் இன்னும் படிக்காத பக்கங்கள்.

"அப்படியே குடுத்துரலாம்மா. எண்ணியா பாக்கப்போறாங்க?"

"இதுக்குத்தான் படிக்கறயா?"

கண்ணம்மாள் பூகோளப் புத்தகத்தோடு வந்தபோது, அம்மா எலி தின்றதை எடுத்து அவள் கையில் வைத்தாள். கண்ணம்மாள் சாக்கை முகர்ந்தாள். நாக்கு நுனியால் தொட்டும் பார்த்தாள்.

"ஏன் ராயம்மாக்கா, எலிக்கு மிட்டாய்ப் பையா தெச்சீங்க?"

யாரும் சிரிக்கவில்லை.

"ஜூனுக்கு எந்தம்பிக்கு வேணும் இது. பூகோளத்த எத நம்பிக் குடுக்கறது?"

பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது. அம்மா வெளியே போய்க் கோழிக்கூண்டின் மேல் கிடந்த வேப்பம்பிண்ணாக்குச் சாக்கை உருவி வந்தாள். கண்ணம்மாளை உட்காரச் சொல்லிவிட்டு அவள் முன்னாலேயே தைத்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் உடம்பு முழுக்கத் திரும்பியது. கயிற்றை எறிந்துவிட்டுக் கம்பி கட்டினாள். கம்பியின் நடுவில் ஓட்டை போட்ட கொட்டாங்குச்சியைக் கவிழ்த்துக் கோத்தாள்.

"இப்ப எலிய எறங்கச் சொல்லுங்க பாப்போம்."

கண்ணம்மாள் கம்பியை இழுத்துப் பார்த்தாள். சாக்கை நாக்கால் தொட்டவள் வாசலுக்கு ஓடித் துப்பினாள். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, பூகோளத்தைத் தன் கையாலேயே முதல் பைக்குள் செருகினாள்.

"அப்ப சரித்திரம்?"

"வாங்கிக் குடுத்தர்றோங்க."

"எப்ப?"

அம்மா ஊசியிலிருந்த மிச்ச நூலைப் பல்லால் கடித்தாள். கண்ணம்மாள் எலி தின்ற புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

பரீட்சை முடிந்தது. ஜூன் பிறந்தது. சாக்கு அதே கம்பியில் தொங்குகிறது. மற்ற புத்தகங்கள் கண்ணம்மாளிடம் திரும்பிப் போய்விட்டன. முதல் பையில் எலி தின்ற சரித்திரம் மட்டும் இருக்கிறது. கண்ணம்மாளுக்கு ஒரு முழுப் புத்தகம் பாக்கி.